வீடு லண்டன், டிக்கெட் டப்ளின்: வெளியூரில் தொடங்கும் பிசினஸ் கிளாஸ் கட்டுபடியாகுமா?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கிளம்பும் விமானம். பிசினஸ் கிளாஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் லண்டனிலேயே பயணத்தைத் தொடங்கியவர். இன்னொருவர் காலையில் அயர்லாந்தின் டப்ளினில் ஏறி ஹீத்ரோவில் மாறியவர். ஒரு விமானம் கூடுதலாகப் பறந்தவர்தான் பெரும்பாலும் குறைவாகப் பணம் கொடுத்திருப்பார், அதுவும் பல நூறு பவுண்டு குறைவாக. லண்டனில் குடியிருந்துகொண்டே டிக்கெட்டை மட்டும் டப்ளின், ஓஸ்லோ, ஆம்ஸ்டர்டாம் என்று வெளியிலிருந்து தொடங்கி வாங்குவது இதனால்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் இருவர், கைப்பெட்டியோடு, தேதியில் கொஞ்சம் நெளிவு சுளிவோடு அமெரிக்காவோ கிழக்காசியாவோ போகிறார்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம். பிள்ளைகுட்டியோடு, ஆளுக்கு இரண்டு பெட்டியோடு, இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் வம்பை விலைக்கு வாங்குவது.

ஏன் விலை குறைகிறது

விமான நிறுவனம் விலை வைப்பது எவ்வளவு தூரம் பறக்கிறோம் என்பதைப் பார்த்து அல்ல. எங்கே தொடங்கி எங்கே போகிறோம் என்ற ஜோடிக்குத்தான் விலை. லண்டன்–நியூயார்க் ஜோடியில் நேர் விமானம் கேட்பவர்கள் வங்கிக்காரர்கள், வக்கீல்கள். கம்பெனி காசு என்பதால் விலையைப் பார்க்கமாட்டார்கள். டப்ளின்–நியூயார்க் ஜோடியில் அப்படி இல்லை. அங்கே அயர்லாந்து விமான நிறுவனமான ஏர் லிங்கஸ் நேராகப் பறக்கிறது. அந்தப் பயணியை ஹீத்ரோ வழியாக இழுக்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். இதே காரணத்தால் பாரிஸ்காரருக்கு லண்டன் வழியும், லண்டன்காரருக்கு பாரிஸ் வழியும் மலிவாக வரும்.

இரண்டாவது காரணம் வரி. பிரிட்டனில் 1994 முதல் இருக்கும் விமானப் பயணி வரி, சுருக்கமாக ஏபிடி, எகானமிக்கு ஒரு விகிதமும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விகிதமுமாக வசூலிக்கப்படுகிறது. 2026 ஏப்ரல் முதல் 2,001 முதல் 5,500 மைல் வரையிலான தூரப் பிரிவில், அதாவது அமெரிக்கா, இந்தியா எல்லாம் அடங்கும் பிரிவில், பிசினஸ் கிளாஸுக்கு ஆளுக்கு 244 பவுண்டு. அதற்கு மேல் தூரம் என்றால் 253. எகானமியில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வரி இல்லை. ஆனால் பிசினஸ் கிளாஸில் கைக்குழந்தை இருக்கை எடுத்தாலும் முழு வரிதான்.

ஒரே டிக்கெட்டில் வெளிநாட்டிலிருந்து வந்து 24 மணி நேரத்துக்குள் வேறு வெளிநாட்டுக்குக் கிளம்பினால் அது டிரான்சிட், ஏபிடி கிடையாது. அயர்லாந்து தன் சொந்தப் பயண வரியை 2014 ஏப்ரலில் பூஜ்யமாக்கிவிட்டது. ஆகவே டப்ளினில் தொடங்கினால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. லண்டனிலிருந்து ரிட்டர்ன் 2,600 பவுண்டு, டப்ளினிலிருந்து 1,850 பவுண்டுக்குச் சமமான யூரோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 750. இதில் கழிக்க வேண்டியவை: டப்ளினுக்குப் போகவும், கடைசியில் அங்கிருந்து வீடு திரும்பவும் பெட்டியோடு 120 பவுண்டு. முந்தின இரவு ஹோட்டல் 130. சாப்பாடு, பஸ் 40. யூரோவில் வாங்குவதால் சாதாரண கிரெடிட் கார்டு பிடிக்கும் 3 சதவீதம், 55 பவுண்டு. மொத்தம் 345. கையில் மிஞ்சுவது 405.

இருவர் போனால் ஹோட்டல் அறை ஒன்றுதான். 1,500-லிருந்து 560 போக 940 மிஞ்சும். தனி ஆளுக்கும் ஜோடிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். டிக்கெட் வித்தியாசம் 400 பவுண்டுக்குக் கீழே என்றால் தனி ஆள் இதைத் தொடவே வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும்.

வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத கார்டு ஒன்று இருந்தால் அந்த 55 பவுண்டு உடனே மிச்சம். ஆனால் டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டாகவே இருக்கட்டும். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கும் சேவைக்கும் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. வெளிநாட்டில் வாங்கினாலும் இது செல்லும்.

முன்பு இன்னொரு ஆதாயமும் இருந்தது. கூடுதலாகப் பறக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது டிக்கெட்டில் வரும் ஒவ்வொரு விமானத்துக்கும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் தனியாக டியர் பாயிண்ட் என்ற உறுப்பினர் தகுதிப் புள்ளி கொடுத்தது, உயர்நிலை உறுப்பினருக்கான கோல்டு கார்டு பிடிக்க அலைந்தவர்கள் அதற்காகவே சோஃபியா, ஹெல்சின்கி என்று சுற்றினார்கள். 2025 ஏப்ரல் முதல் செலவழிக்கும் பவுண்டுக்கு ஒரு புள்ளி என்று மாற்றிவிட்டார்கள். மலிவாக வாங்கினால் புள்ளியும் குறைவு. அந்தக் கணக்கை இப்போது யாராவது சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்று விட்டுவிடுங்கள்.

எந்த ஊர்

டப்ளின்தான் முதல் தேர்வு. லண்டனின் ஏறக்குறைய எல்லா விமான நிலையங்களிலிருந்தும் விமானம் உண்டு. டப்ளினில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முதலாவது டெர்மினல், ஏர் லிங்கஸுக்கு இரண்டாவது டெர்மினல், ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். டப்ளினிலிருந்து வீடு திரும்பும்போது ஹீத்ரோவில் பாஸ்போர்ட் வரிசையும் கிடையாது.

டப்ளினில் தொடங்குகிறவர்கள் லண்டன் வழியைத் தேர்வதற்கு முன் ஏர் லிங்கஸ் நேர் விமானத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை டப்ளினிலேயே முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போல நேராக வெளியே போகலாம். நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலைய வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏர் லிங்கஸின் ஏ321 நியோ எல்ஆர் சிறிய விமானம்தான் என்றாலும் 16 படுக்கை இருக்கைகள் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் தனி ஆளுக்கான ஒற்றை இருக்கை வரும், அதைக் குறிவைக்க வேண்டும்.

ஸ்டாக்ஹோம் இப்போது முன்னைவிடக் கவர்ச்சி. ஸ்வீடன் 2018-இல் கொண்டுவந்த விமான வரியை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. ஓஸ்லோவில் டிக்கெட் விலை நன்றாக அமையும், ஆனால் ஒரு இரவு தங்கிச் சாப்பிட்டால் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போகும். ஆம்ஸ்டர்டாமில் 2025-இல் ஆளுக்கு 29.40 யூரோ வரி, எந்த வகுப்பானாலும் ஒன்றுதான், ஆகவே பிசினஸுக்குப் பெரிய சுமை இல்லை. பிரஸ்ஸல்ஸுக்கு லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், விமானத் தாமத பயம் குறைவு.

பாரிஸைத் தவிர்க்கலாம். 2025 மார்ச் முதல் பிரான்ஸில் தொடங்கும் நீண்ட தூர பிசினஸ் டிக்கெட்டுக்கு 120 யூரோ வரி. நடுவில் லண்டனில் மாறினாலும் போய்ச் சேரும் ஊரை வைத்துத்தான் போடுவார்கள்.

சென்னைக்கோ கொழும்புக்கோ வளைகுடா வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்ளின்–தோஹா–சென்னை டிக்கெட்டில் லண்டன் நடுவில் வராது. போகும்போதும் டப்ளினுக்குப் போய் ஏற வேண்டும், வரும்போதும் டப்ளினில் இறங்கித்தான் வீடு வர வேண்டும்.

வாங்கும் முறை

கூகுள் ஃபிளைட்ஸில் புறப்படும் இடத்தில் ஒரே தேடலில் ஏழு விமான நிலையங்கள் வரை போடலாம். டப்ளின், ஓஸ்லோ, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ் என்று போட்டு, பிசினஸ் கிளாஸ் தேர்ந்து, நாட்காட்டியைத் திறந்தால் எந்த வாரத்தில் எந்த ஊர் மலிவு என்பது தெரிந்துவிடும். பிறகு அதே தேதிக்கு லண்டனை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது தேடலைச் செய்யாமல் டப்ளின் விலையை மட்டும் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. விற்பனைக் காலத்தில் லண்டன் விலையே இறங்கிவிடும், அப்போது அலைய வேண்டியதே இல்லை.

விலை ஏன் அப்படி என்று தோண்டிப் பார்க்க ஐடிஏ மேட்ரிக்ஸ் என்ற இணையத் தேடல் தளம் நல்ல கருவி. வாங்க முடியாது, ஆனால் அடிப்படைக் கட்டணம், நிறுவனம் போடும் கூடுதல் கட்டணம், அரசு வரி எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டும். கட்டண விதியையும் படிக்கலாம். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: குறைந்தபட்சம் எத்தனை இரவு அல்லது சனிக்கிழமை தங்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை மாதம் செல்லும், வழியில் ஸ்டாப்ஓவர், அதாவது 24 மணி நேரத்துக்கு மேல் தங்க, அனுமதி உண்டா.

வாங்குவது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். பெயர் தெரியாத ஏஜென்சித் தளத்தில் 30 பவுண்டு குறைவாகக் கிடைக்கும், விமான நேரம் மாறும் நாளில் ‘ஏஜெண்டைக் கேளுங்கள்’ என்று நிறுவனம் கைவிரித்துவிடும். பல துண்டுகள் உள்ள டிக்கெட்டில் நேர மாற்றம் வருவது சகஜம்.

ஸ்டாப்ஓவர் அனுமதி இருந்தால் கடைசித் துண்டைத் தள்ளிப் போடும் வழி ஒன்று உண்டு. மல்டி சிட்டி என்ற பல ஊர்த் தேடலில் டப்ளின்–நியூயார்க், நியூயார்க்–லண்டன், அதன்பின் மூன்று மாதம் கழித்து லண்டன்–டப்ளின் என்று போட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்ததும் நேராக வீட்டுக்குப் போகலாம், பெட்டியும் ஹீத்ரோவில் கிடைக்கும். லண்டனில் 24 மணி நேரத்தைத் தாண்டுவதால் அந்தக் குட்டித் துண்டுக்கு மட்டும் ஏபிடி வரும், பிசினஸ் என்றால் 32 பவுண்டு. மூன்று மாதம் கழித்து அதே துண்டில் டப்ளின் போய், அங்கே அடுத்த டிக்கெட்டைத் தொடங்கினால் இன்னும் லாபம்: இரண்டு பயணத்துக்கும் சேர்த்துத் தனியாக வாங்கும் விமானம் குறைந்துவிடும். அடிக்கடி பறக்கிறவர்கள் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள்.

எங்கே சறுக்கும்

முதல் துண்டைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. டப்ளின்–லண்டன் துண்டில் ஏறாமல் ‘நான்தான் லண்டனிலேயே இருக்கிறேனே’ என்று ஹீத்ரோவில் போய் நின்றால் போர்டிங் பாஸ் கிடைக்காது. டிக்கெட்டின் துண்டுகளை வரிசைப்படிதான் பறக்க வேண்டும், ஒன்றில் வராவிட்டால் மீதி தானாக ரத்தாகும். இதில் சலுகை கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டப்ளினுக்குப் போகும் விமானம் தனி டிக்கெட். அது தாமதமானாலும் ரத்தானாலும் நீண்ட தூர டிக்கெட்காரருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தாலும். அதே நாள் காலை போய் மதியம் ஏறலாம் என்று திட்டமிடுகிறவர்கள் 130 பவுண்டு ஹோட்டலை மிச்சம் பிடிக்க 1,850 பவுண்டைப் பணயம் வைக்கிறார்கள். முந்தின நாளே போய்விடுவது நல்லது. பெட்டியை அங்கே எடுத்து மறுபடி செக்-இன் செய்வதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் ‘புறப்பாட்டைத் தவறவிடுதல்’ மட்டும் இருந்தால் போதாது. பிரிட்டனிலிருந்து முதல் புறப்பாட்டோடு அது முடிந்துவிடலாம். ‘இணைப்பு விமானத்தைத் தவறவிடுதல்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எல்லோரும் கேட்பது: கடைசியில் லண்டனில் இறங்கியதும் டப்ளின் துண்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? ஒப்பந்தப்படி கூடாது. இதில் ஒரு வழக்கே இருக்கிறது. 2016-இல் ஒரு பயணி ஓஸ்லோ–ஃபிராங்க்ஃபர்ட்–சியாட்டில் பிசினஸ் ரிட்டர்ன் வாங்கி, திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ஓஸ்லோ துண்டை விட்டுவிட்டு வேறு டிக்கெட்டில் பெர்லின் போனார். லுஃப்தான்ஸா 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு அரிது, ஆனால் சேர்த்த மைல்களைப் பறிப்பது, கணக்கை மூடுவது எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கும் ஆயுதங்கள். அந்த நிறுவனத்தில் பெரிய மைல் சேமிப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கே போகக்கூடாது.

பெட்டி வேறு பிரச்சினை. நியூயார்க்கில் போட்ட பெட்டிக்கு டப்ளின் சீட்டுதான் ஒட்டுவார்கள், நீங்கள் ஹீத்ரோவில் இறங்கினாலும் பெட்டி டப்ளின் போகும். இதற்கு விதிக்குள்ளேயே ஒரு வழி உண்டு. இரவு ஹீத்ரோவில் இறங்கி மறுநாள் காலை டப்ளின் போகும் இணைப்பாக, 24 மணி நேரத்துக்குள் வரும்படி எடுத்தால், செக்-இனில் கேட்டதும் பெட்டியைப் பெரும்பாலும் லண்டன் வரைக்கும் போட்டுத் தருவார்கள். இரவு சொந்த வீட்டில் தூங்கி, காலையில் கைப்பையோடு கடைசித் துண்டைப் பறக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. பனியோ வேலைநிறுத்தமோ வந்து விமானம் ரத்தானால், உங்களை டப்ளினில் சேர்ப்பதுதான் நிறுவனத்தின் கடமை, லண்டனில் அல்ல. நியூயார்க்–டப்ளின் நேர் விமானத்தில் மாற்றிவிடலாம். கடைசித் துண்டைக் கைவிடும் கனவு அன்றைக்குக் கலையும்.

சாதகமாகவும் ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் பயணத்துக்கு அவர்களுடைய விமானத் தாமத இழப்பீட்டு விதியான 261 பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், நிறுவனத்தின் தவறால் பெருந்தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். பிரிட்டிஷ் விதியிலும் இதே போல 520 பவுண்டு உண்டு, ஆகவே இதற்காகவே ஊர் மாற்ற வேண்டியதில்லை.

அந்தக் குட்டித் துண்டில் பிசினஸ் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பாவுக்குள் அது எகானமி இருக்கைதான், நடு இருக்கையை மட்டும் காலியாக விடுவார்கள். லவுஞ்சும் சாப்பாடும்தான் கிடைக்கும் லாபம்.

பாஸ்போர்ட்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே சோதனை இல்லை என்று கேள்விப்பட்டுக் கிளம்புகிறவர்களை டப்ளினில் நிறுத்திக் கேட்பார்கள். ஸ்டாக்ஹோம், ஆம்ஸ்டர்டாம் என்றால் ஷெங்கன் விசா. விசாக் கட்டணம், விண்ணப்ப மையத்துக்கு அலைச்சல் எல்லாம் சேர்த்தால் மேலே போட்ட கணக்கு தலைகீழாகும். பலமுறை நுழையும் ஷெங்கன் விசா ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அந்த விசா இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது: இன்வர்னஸ். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதி விமான நிலையங்களில் தொடங்கும் பயணத்துக்கு ஏபிடி கிடையாது. இன்வர்னஸ்–லண்டன்–நியூயார்க் ஒரே டிக்கெட்டில், ஹீத்ரோவில் 24 மணி நேரத்துக்குள் மாறினால், அந்த 244 பவுண்டு மிச்சம். விசா தேவையில்லை, நாடு தாண்டவே இல்லை. அடிப்படைக் கட்டணம் டப்ளின் அளவுக்குக் குறையாது, ஆகவே காசு கொடுத்து வாங்குவதைவிட, பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் என்ற மைல் புள்ளி கொடுத்து வாங்கும் டிக்கெட்டில்தான் இது நன்றாக எடுபடும்.

சென்னைக்காரர்களுக்கு கொழும்பு

இதே வித்தை நம் பக்கத்திலும் உண்டு. சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள்கூட பிசினஸ் கிளாஸுக்காக கொழும்பில் தொடங்கும் டிக்கெட்டைத் தேடுவது பழைய வழக்கம். சென்னையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரப் பறப்பு. இந்தியாவில் தொடங்கும் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. கொழும்பில் தொடங்கினால் அது இல்லை. எதிர்ப்பக்கம், பெரும்பாலான இந்திய கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். நான்கு சதவீதத்துக்கு மேல் அங்கே போய்விடும். வளைகுடா வழி என்றால் போக வர இரண்டு முறையும் கொழும்பைத் தொட வேண்டும், இலங்கை நுழைவு அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தங்குவதற்கு கொழும்பு நகருக்குள் போகாதீர்கள். விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், நீர்கொழும்பு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது.